ஸ்பிரிங் பட்டையைத் துண்டாகவும் விற்கலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழுதானதைத் தூக்கி எறியாமல் சரிசெய்து பயன்படுத்துங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் சரிசெய்ய உட்காருகிறவன் கைக்கு மூலப்பொருள் கிடைக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பூட்டு, தையல் மெஷின், பழைய கடிகாரம் பழுதுபார்ப்பவன் நான். அதில் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை, அதாவது வளைத்து விட்டால் பழைய நிலைக்கே திரும்பும் எஃகுப் பட்டை.

லீவர் பூட்டைப் பிரித்தால், சாவி தூக்கிவிடும் தகடான ஒவ்வொரு லீவரிலும் ஒரு சின்னப் பட்டை ஸ்பிரிங் இருக்கும். அது முறிந்தால் லீவர் தன் இடத்துக்குத் திரும்பாது. மற்றபடி நன்றாக இருக்கும் பூட்டு குப்பைக்குப் போகிறது. தையல் மெஷினில் அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸில் நூலை அழுத்திப் பிடிக்கும் தகடும் இதே ஜாதிதான். இவற்றைச் செய்ய ஒரு சாண் பட்டை தாராளம். பட்டை வருவதோ சுருள் சுருளாக, கிலோக் கணக்கில். துண்டாகக் கேட்டால் சிரிக்கிறார்கள். மனமிரங்கி வெட்டிக் கொடுத்தாலும், கனம் (தடிமன்) எவ்வளவு, பதம் ஏற்றியதா (சூடாக்கித் தோய்த்து ஸ்பிரிங் தன்மை கொடுத்ததா) இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை.

கனத்தில் என்ன வந்தது என்று நினைக்கலாம். 0.20 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 0.25 போட்டால் விரலுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். விறைப்பு கனம் × கனம் × கனம் என்ற கணக்கில் ஏறுகிறது. பாபின் கேஸில் அப்புறம் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

பதம் இன்னும் ஏமாற்றும். ஒரே கனமுள்ள சாதாத் தகட்டையும் பதம் ஏற்றிய பட்டையையும் லேசாக வளைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விறைப்புதான். கொஞ்சம் அதிகமாக வளைத்தால்தான் சாயம் வெளுக்கும். சாதாத் தகடு வளைந்தபடியே நின்றுவிடும். டப்பாத் தகரத்தில் வெட்டிப் போட்ட ஸ்பிரிங் முதல் நாள் வேலை செய்வதும் மறுநாள் படுத்துக்கொள்வதும் இதனால்தான்.

பழைய சாமான்களில் தேடலாம். என் அனுபவத்தில் முதலிடம் ஃபீலர் கேஜுக்கு (சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து): ஒவ்வொரு இலையும் பதம் ஏற்றியது, கனமும் அதன் மேலேயே பொறித்திருக்கும். கடிகாரத்தின் சாவிச் சுருளும் நன்றாக உதவும். கார் வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் பட்டை பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். அதைக் குளிர்ந்தபடியே வெட்டி, அரத்தால் தேய்க்க வேண்டும். சிவக்கக் காய்ச்சினால் ஸ்பிரிங் தன்மை போய்விடும், எந்த எண்ணெயில் தோய்த்தாலும் திரும்பாது. ஹாக்ஸா பிளேடை விட்டுவிடுங்கள். இந்த வேலைக்குக் கனமும் அதிகம், முறியவும் செய்யும்.

கார்பன் ஸ்டீல் என்றால் காய்ச்சலாம்தான். காந்தம் ஒட்டாத அளவு சிவக்க வைத்து, சாம்பலில் மெல்ல ஆறவிட்டால் வளைக்கவும் துளையிடவும் இளகிக் கொடுக்கும். மறுபடி சிவக்க வைத்து எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல் உடையும் கடினம். பிறகு பளபளவென்று தேய்த்து, நீல நிறம் வரும்வரை, அதாவது சுமார் 300 டிகிரிக்கு, சூடேற்ற வேண்டும். மெல்லிய துண்டில் இது பெரிய ரோதனை. நெருப்பிலிருந்து எண்ணெய்க்குப் போகும் ஒரு நொடியிலேயே ஆறிவிடும். எண்ணெய் டப்பா கிட்டத்திலேயே இருக்க வேண்டும், தீப்பிடித்தால் மூடத் தகர மூடியும் வேண்டும். வீட்டுக்குள் செய்கிற வேலை இல்லை இது.

நீலப் பதம் ஏற்றிய பட்டையாகவே கிடைத்தால் பெரும்பாலான பாகங்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். கத்தரியால் வெட்டி, ஓரத்துப் பிசிறை நீளவாக்கில் தேய்த்து எடுத்தால் போதும். ஓரத்தில் ஒரு கீறல் விட்டாலும் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

பட்டை விற்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு சாண் துண்டுகளாக, நான்கைந்து கனங்களைச் சேர்த்து ஒரு பொட்டலமாகப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கனத்தையும் பதத்தையும் பொறியுங்கள். ஆலையில் உருளைகளுக்கிடையே பட்டையை உருட்டி நீட்டிய திசைக்கு ஓர் அம்புக்குறியும் வேண்டும். மடிப்புக் கோடு அந்தத் திசைக்குக் குறுக்கே விழுந்தால்தான் மடிப்பு தாங்கும், துண்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சுருளின் கிலோ விலையைவிடக் கூட வைத்தாலும் வாங்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்