கீசெனிலிருந்து அப்பாவுக்கு

கீசென், ஜெர்மனி
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். போனில் கேட்டால் அம்மா "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "நாடகத்தைக் காலேஜில எப்படிம்மா சொல்லித் தருவாங்க? புத்தகம் படிச்சா ஆட்டம் வந்துருமா?" அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது. இப்போது உங்களுக்குக் கூத்து இல்லாத மாதம்தானே, நிதானமாகப் படியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே நடிக்கச் சொல்லித் தருவதில்லை. நடிப்புப் பள்ளிகள் ஜெர்மனியில் தனியாக இருக்கின்றன. குரல், உடம்பு, வசனம் எல்லாம் அங்கே பழக்குவார்கள். நாடகத்தின் வரலாறும் கோட்பாடும் படிக்கிற பல்கலைக்கழகத் துறைகள் வேறு. அங்கே நூலகம்தான் களம். ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், படிக்கிறவர்கள் ஒரு பக்கம். 1982இல் ஆந்த்ஷேய் விர்ட் என்ற போலந்துக்காரர் கீசென் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையைத் தொடங்கியபோது அந்தப் பிரிவினை வேண்டாம் என்று முடிவு செய்தார். காலையில் படித்ததை மாலையில் செய்து பார்க்க வேண்டும், செய்து பார்த்ததைப் பற்றி மறுபடி எழுத வேண்டும். இதுதான் இங்கே படிப்பு. சேருவதற்கே தகுதித் தேர்வு உண்டு. அதில் என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம் நான் பார்த்ததையும் யோசித்ததையும் பற்றித்தான். நான் நம் ஊர் பாரதக் கூத்தைப் பற்றித்தான் பேசினேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

பெர்டோல்ட் பிரெக்ட் என்று ஒரு ஜெர்மன் நாடகாசிரியர். 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரைப் பார்த்தார். மெய் லான்ஃபாங் உங்களைப் போலப் பெண் வேஷக்காரர். சீனா முழுக்கப் புகழ் பெற்றவர். அன்றைக்கு அவர் வேஷம் கட்டாமல், அரிதாரம் இல்லாமல், சாதாரண கோட்டுப் போட்டுக்கொண்டு பெண்ணின் அசைவுகளைச் செய்து காட்டினார். நடிகர் பாத்திரத்துக்குள் கரைந்து போகாமல், பாத்திரத்தைக் கையில் எடுத்துக் காட்டுகிறார், பார்க்கிறவர்களும் மயங்கிப் போகாமல் யோசிக்கிறார்கள் என்று பிரெக்ட் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். எங்கள் வகுப்பில் இந்தக் கட்டுரையை வரி வரியாகப் படித்தோம். எனக்கு ஒவ்வொரு வரியிலும் நீங்கள்தான் தெரிந்தீர்கள். திண்ணையில் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்து, சின்னப் பையன்களுக்குத் திரௌபதி சபைக்கு வருகிற அடவை இரண்டு கையாலேயே காட்டுவீர்களே, அதுதான்.

அன்று மாலை ஒத்திகைக் கூடத்தில், படித்ததைச் செய்து பார்க்கச் சொன்னார்கள். நான் துகில் கூத்தை எடுத்துக்கொண்டேன். சேலையில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் கொளுத்தி, "தாயே, நான் வேஷக்காரன், என்னை மன்னிச்சிடு" என்று கும்பிடுவாரே, அந்த இடம். அதை விளக்கிச் சொல்லிவிட்டு, செய்தும் காட்டினேன். கூடம் அமைதியாகிவிட்டது. அப்புறம் விவாதம் ஆரம்பித்தது, ஒன்றரை மணி நேரம் ஓயவில்லை. பிரெக்ட் சொன்னதும் இதுவும் ஒன்றா? பிரெக்டின் நடிகர் பாத்திரத்திலிருந்து வெளியே வருவது பார்க்கிறவர்களை யோசிக்க வைப்பதற்காக. துச்சாதனன் வெளியே வருவது சாமிக்குப் பயந்து. அங்கே கூட்டம் யோசிக்கவா செய்கிறது? பாதிப் பேர் அழுகிறார்கள், சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. அப்படியென்றால் விலகி நிற்பதும் உருகிப் போவதும் ஒரே நேரத்தில் நடக்குமா? நடக்கும் என்று எனக்குத் தெரியும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் நடக்கிறது என்று அதுவரை கேட்டுக்கொண்டதில்லை. இந்தக் கேள்வியை எனக்குப் புத்தகம் மட்டும் கொடுத்திருக்காது, ஆட்டம் மட்டும் கொடுத்திருக்காது. இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெக்ட் மேடையில் முழுத்திரை போடாமல், கம்பியில் பாதி உயரத்துக்கு மெல்லிய திரை கட்டுவார். பின்னால் நடக்கிற வேலை கொஞ்சம் தெரிய வேண்டும் என்பதற்காக. நம் கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் தெரிய, பின்னாலிருந்து பாட்டு வருவதை இங்கே படம் போட்டுக் காட்டினேன். ஆசிரியர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

படிப்பென்றால் பேச்சும் எழுத்தும் மட்டும் இல்லை. விளக்குக் கட்டுவது, ஒலி இணைப்பது, தட்டி அடிப்பது எல்லாம் நாங்களேதான். ஒவ்வொரு விளக்குக்கும் இரும்புக் கயிறு போட்ட பிறகுதான் கீழே ஆளை நிற்க விடுவார்கள். ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேடையில் தொங்குகிற துணி எளிதில் தீப்பிடிக்காத வகை என்று சான்று இருக்க வேண்டும். சாதாரணச் சேலையைக் கட்டித் தொங்கவிட முடியாது. தீப்பந்தம் என்றால் அதற்குத் தனி அனுமதி, காவலுக்கு ஆள். நம் ஊரில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பந்தம் பிடித்துக்கொண்டு பகாசுரன் ஓடி வருவதை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரு வாளித் தண்ணீராவது பக்கத்தில் வையுங்கள் அப்பா.

இந்தத் துறையில் பத்தொன்பது வருடம் பேராசிரியராக இருந்த ஹைனர் கோபல்ஸ் என்ற இசையமைப்பாளர், 2007இல் மேடையில் நடிகரே இல்லாத ஒரு நிகழ்ச்சி செய்தார். ஐந்து பியானோ, தண்ணீர், பனிமூட்டம், வெளிச்சம், பதிவு செய்த குரல்கள். அவ்வளவுதான். ஆளில்லாமல் நாடகமா என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் முதலில் ஏற்கவில்லை. பிறகு ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஆள் இல்லாமல் ஒரு காட்சி செய்யும் பயிற்சி எங்களுக்குக் கொடுத்தார்கள். விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் சுவரே வேறு சுவராகிறது. தாத்தா காலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடினார்கள், உங்கள் காலத்தில் டியூப் லைட் வந்தது, இப்போது ஃபோகஸ் லைட். வெளிச்சம் மாறியபோது அரிதாரம் மாறியதா? கண் மை தடித்ததா? யாரும் எழுதி வைக்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஊரைப் பற்றியும் சொல்கிறேன். லான் என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது. 1944 டிசம்பரில் குண்டு போட்டு பழைய ஊரில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதனால் போஸ்ட்கார்டில் வருகிற ஜெர்மனி இங்கே அதிகம் இல்லை. மாணவர்கள் நிறைந்த சாதாரண ஊர். எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேதான் கியோர்க் பூக்னர் என்ற இளைஞர் 1833இல் மருத்துவம் படிக்க வந்தார். 1834இல் விவசாயிகளின் வரிச்சுமையைப் பற்றி ரகசியமாகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்து, போலீஸ் தேட, நாட்டை விட்டு ஓடி, 1837இல் 23 வயதில் காய்ச்சலில் செத்துப்போனார். அவர் முடிக்காமல் விட்டுப்போன நாடகம் 'வோய்ட்செக்'. ஒரு ஏழைச் சிப்பாய் கூடுதல் காசுக்காக ஒரு டாக்டரின் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்து, வெறும் பட்டாணியைத் தின்று வாழ்கிறான். மூளை கலங்குகிறது. கடைசியில் தன்னோடு வாழ்ந்த பெண்ணைக் கொன்றுவிடுகிறான். பூக்னர் போன பிறகு கிடைத்தவை துண்டுத் துண்டான காட்சிகள். எது முன், எது பின் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1913இல்தான் முதன்முதலாக மேடை ஏறியது.

இந்தப் பருவத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்வது இதைத்தான். காட்சிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு ஒத்திகையிலும் வரிசையை மாற்றிச் செய்து பார்க்கிறோம். பட்டாணி தின்கிற காட்சி முதலில் வந்தால், அவனை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர்கள் மேல் கோபம் வருகிறது. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிற காட்சி முதலில் வந்தால், கொலை நடக்கும்போது அவன் மேல் இரக்கம் வர மறுக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. குழுவில் இதைப் பற்றிச் சண்டையே நடக்கிறது. ஒத்திகையில் கண்டதை வைத்து ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும், நூல்களை மேற்கோள் காட்டி. என் கட்டுரையில் விடியற்காலையைப் பற்றி எழுதுகிறேன். வெளுக்கப் போகிறது, இன்னும் நாலு பாட்டு பாக்கி என்கிற நேரத்தில், எந்தப் பாட்டை வெட்டுவது, எதைச் சுருக்குவது என்று ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பில் முடிவு செய்வீர்களே. அந்தத் தலையசைப்புக்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில நூறு யூரோ கட்டுகிறோம். அதிலேயே பஸ், ரயில் பயணமும் அடங்கிவிடுகிறது. வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யலாம். நான் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். அறைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் கிடையாது, சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். சமையலறை நாலு பேருக்குப் பொது. மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதுதான் கஷ்டம், குளிர்கூட இல்லை.

சரி, கேட்க நினைத்ததற்கு வருகிறேன். இங்கே படித்தவர்கள் சிலர், பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து ஷீ ஷீ பாப் என்று ஒரு நாடகக் குழு நடத்துகிறார்கள். 2010இல் அவர்கள், மகள்களுக்கு நாட்டைப் பங்கிட்ட லியர் அரசனைப் பற்றிய ஷேக்ஸ்பியர் நாடகத்தை எடுத்து, தங்கள் சொந்த அப்பாக்களையே மேடைக்குக் கூட்டி வந்தார்கள். நடிகர்கள் இல்லை, நிஜ அப்பாக்கள். சொத்து யாருக்கு, வயதான பிறகு யார் பார்த்துக்கொள்வது, பிள்ளைகள் செய்கிற வேலை அப்பாக்களுக்குப் பிடிக்கிறதா என்று மேடையிலேயே பேசினார்கள். அதன் பதிவைப் பார்த்துவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்து வயதில் நான் சலங்கை கட்ட ஆசைப்பட்டேன். "பொம்பளப் புள்ள ராத்திரி முழுக்க ஜமாவோட சுத்த முடியுமா" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஊர் அப்படி. காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் ஆடக் கற்றுக்கொண்டார்கள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. முப்பது வருடம் திரௌபதியாக நின்ற நீங்கள், பெண்ணுடைய அவமானத்தை உடம்பில் சுமந்த நீங்கள், அந்தத் திரௌபதியை மகளுக்குக் கொடுக்கவில்லை. லியர் நாட்டைப் பங்கிட்டான். நம் வீட்டில் பங்கிட இருப்பது ஒரு வேஷப் பெட்டி. அது யாருக்கு? என் முதுகலை முடிவு வேலை இதுவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாதி எழுத்து, பாதி மேடை. மேடையில் நான் இருப்பேன். உங்கள் குரலும் முகமும் பதிவில் இருக்கும். நீங்கள் சம்மதித்தால்தான். வேண்டாம் என்றால் வேறு யோசிப்பேன், மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

சம்மதமென்றால் தம்பியின் போனில் மூன்றைப் பதிவு செய்து அனுப்புங்கள். திரௌபதி வரவுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பாடுகிற பாட்டு முழுவதும், இடையில் நிறுத்தாமல். சேலை உருவும்போது உங்கள் மனசில் என்ன ஓடும் என்று, எனக்குச் சொல்வது போல. அப்புறம், முதன்முதலில் பெண் வேஷம் கட்டியபோது தாத்தா என்ன சொன்னார் என்று. மிருதங்கமும் தாளமும் வேண்டாம், ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசினால் போதும்.

சனிக்கிழமை கூப்பிடுகிறேன். உங்களுக்கு இரவு ஏழு மணி, எனக்குப் பிற்பகல் இரண்டரை. அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், வேஷப் பெட்டி விஷயத்தில் அவளுக்கும் சொல்ல இருக்கும்.

உங்கள் அன்பு மகள்