எட்டி ரௌட் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் முதல் உலகப்போர் கால நோய்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பதுங்குகுழிக் காய்ச்சலையும் விஷக்காய்ச்சலையும் விரிவாக எழுதியவர், பால்வினை நோய்க்கு வந்ததும் ‘நடத்தை கெட்ட பெண்களால் வீரர்களிடையே பரவியது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவில் 11 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். ‘பொம்பளைச் சீக்கு’ என்று சொல்லிக்கொண்டுதான் ஆண்கள் உள்ளே வருவார்கள். வெளியூர் வேலைக்குப் போய்வந்த கணவனிடமிருந்து நோய் தொற்றிய பெண்ணோ, ஓ.பி. சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மாமியாரின் ஏச்சைக் கேட்டபடி ஊசிக்குக் காத்திருப்பாள். அப்படி எத்தனையோ பேருக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன்.

சரி, போருக்கு வருகிறேன். அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் மட்டும் இந்த நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கணக்கு 4 லட்சத்தைத் தாண்டியது. பென்சிலின் வராத காலம். கிரந்திக்கு (சிபிலிஸ்) ஆர்சனிக் கலந்த சல்வர்சான் ஊசியும் பாதரசமும்தான் மருந்து, வாரக்கணக்கில் படுக்கை. 1914-இல் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் வீரர்களுக்குக் கொடுத்த அறிவுரைச் சீட்டில் மதுவையும் மாதுவையும் விலக்கச் சொன்னார். நோயோடு வந்தால் சம்பளத்தில் பிடித்தம். 1918 மார்ச்சில் பிரிட்டனில் ‘40டி’ என்று ஒரு விதி வந்தது. நோயுள்ள பெண் படைவீரனோடு உறவுகொண்டால் குற்றம். வீரன் ஒரு பெண்ணுக்கு நோயைக் கொடுத்தால்? அதற்கு அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

இந்த இடத்தில்தான் கட்டுரையாளர் எட்டி ரௌட்டைச் சொல்லியிருக்க வேண்டும். நியூசிலாந்துப் பெண்மணி. போரில் உதவுவதற்காகப் பெண்களைத் திரட்டி எகிப்துக்கு அனுப்பினார். 1916-இல் தாமும் போனார். அங்கே வீரர்கள் நோயில் விழுவதைப் பார்த்து, இதை ஒழுக்கப் பிரச்சினையாக அல்ல, சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்தார். மறு ஆண்டு லண்டனில் தாமே ஒரு சிறு பொதி தயாரித்தார். ஆணுறை, கலோமல் என்ற பாதரசக் களிம்பு, கொஞ்சம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். நம் ஊரில் கிணற்றில் போடுவோமே, அதே ஊதா மருந்துதான்! 1917 கடைசியில் நியூசிலாந்துப் படை அந்தப் பொதியை ஏற்று, விடுப்பில் போகும் வீரர்களுக்கு இலவசமாக, கட்டாயமாகக் கொடுக்கத் தொடங்கியது.

ஆனால் அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன? படை அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவர் பெயரை அச்சிடும் பத்திரிகைக்கு 100 பவுண்டு வரை அபராதம் என்று நியூசிலாந்து அரசு தடை போட்டது. அவருடைய வேலையை நிறுத்தச் சொல்லிப் பிரதமரிடம் போய் முறையிட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் அசரவில்லை. 1918-இல் பாரிசுக்குப் போய், கார் டு நோர் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் வீரர்களைத் தேடிப் பிடித்து, எந்தப் பாலியல் தொழில் விடுதி பாதுகாப்பானது என்று சீட்டுக் கொடுத்தார். அது சரியா என்று என்னோடு வாதாடலாம். விடுதியில் இருந்த பெண்களின் நிலைமையை நினைத்தால் எனக்கும் நெருடுகிறது. ஆனால் எதிரே நிற்கும் பையன் அன்று இரவு எங்கே போவான் என்பதை ஒளிக்காமல் பேசியவர் அவர். பிரெஞ்சு அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

கட்டுரையாளர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஒற்றை வரிக்குத் திருத்தம் போடுங்கள். அப்படியே எட்டி ரௌட் என்ற பெயரையும் அச்சில் போடுங்கள். இன்று அதற்கு அபராதம் கிடையாது.

– ஓய்வுபெற்ற செவிலியர், விருதுநகர்