கீழ்ப்புத்துப்பட்டு முகாமுக்குச் செல்லவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். காலாப்பட்டைத் தாண்டியுள்ள, இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரப் போவதாகச் சொல்லி, எந்த நிரல்மொழியில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடலூர்ப் பக்கத்து முகாம் ஒன்றில் சில ஆண்டுகள் அதே வேலையைச் செய்தவன் நான். உங்களைப் போல் இன்னும் சிலர் கேட்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பைத்தானில் தொடங்குங்கள். தமிழிலேயே கட்டளை எழுதும் ‘எழில்’ மொழியையும் ஒரு நாள் காட்டலாம். நிபந்தனையை முன்னால் சொல்லி, ‘இப்படியானால்’ என்ற பொருளில் ‘ஆனால்’ என்று முடிக்கும் அதன் அமைப்பு நம் பேச்சோடு ஒத்துப்போகும். முதல் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவெல்லாம் வேண்டாம். நான் ‘இலங்கை’ என்ற சொல்லைக் கொடுத்து, அதில் எத்தனை எழுத்து என்று கேட்டேன். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணி நான்கு என்றார்கள். சொல்லின் நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் ‘லென்’ கட்டளை ஆறு என்றது. “கம்ப்யூட்டர்தான் பிழை விட்டிருக்கு” என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். (நாம் தப்பு என்பதை அவர்கள் வீட்டில் பிழை என்பார்கள்.) கணினி எழுத்துகளைப் பதிந்துவைக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் ‘ங்’ என்பது ஙகரமும் புள்ளியுமாகவும், ‘கை’ என்பது ககரமும் ஐகாரக் குறியுமாகவும் தனித்தனியே பதிவாவதைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டினேன். மறுவாரம் அவள், புள்ளியையும் துணைக்குறிகளையும் விட்டுவிட்டு எண்ணும் நிரலைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் கணினி இல்லை. தட்டச்சு செய்து ஓட்டியபோது ஓரிடத்தில் முக்காற்புள்ளி (:) விடுபட்டிருந்தது. சேர்த்ததும் நான்கு என்று வந்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இதைப் படித்தால் வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டாதீர்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பெற்றோரிலும் பலர் இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறிப்பிடும் நாடுகளில் இலங்கை இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது நல்ல காரியம்தான். பெயர்ப்பலகை மாறியதால் கடவுச்சீட்டு வந்துவிடவில்லை. என்னிடம் பயின்று பின்னர் பொறியியல் முடித்த ஒரு பையன், ஒரு நிறுவனத்தின் மூன்று சுற்றுத் தேர்விலும் தேறி, விண்ணப்பத்தில் கடவுச்சீட்டு எண் கேட்ட கட்டத்தில் நின்றுபோனான். அந்த ஆசையை அவனுக்குக் காட்டியவன் நான். இப்போது கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறான், கெட்டிக்காரத்தனமாகவே எழுதுகிறான். என்னிடம் முன்போல் பேசுவதில்லை. ஆகவே, “இதைப் படித்து என்ன சார் கிடைக்கும்?” என்று யாராவது கேட்டால், எது கிடைக்கும், எது இன்றைய சட்டத்தில் கிடைக்காது என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அது உங்களைவிட நன்றாகவே தெரியும். நீங்கள் அறிந்திருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

அதிகாரிகள் வந்து முகாமில் இருப்பவர்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாள் எது என்று முகாம் தலைவரிடம் கேட்டுக்கொண்டு வகுப்பைத் தொடங்குங்கள். நீளமான ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு தேவைப்படும். என்னிடம் இரண்டு பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. பேட்டரி நிற்காது, பிளக்கில் செருகினால் ஓடும். வருகிற ஞாயிறு காலை கடலூரிலிருந்து முதல் பேருந்தில் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உங்கள் அண்ணன்