உம்மாவின் கிதாபைப் பற்றி

பாளையங்கோட்டை,
ஐப்பசி 12

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற மாதமே வந்து சேர்ந்தது. மூட்டுவலியைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு மருந்து கேட்கக்கூடிய ஆள் நான் அல்லன் என்பது உனக்குத் தெரியும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுத் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு மழை காரணமல்ல. சின்னவள் அப்படி என்னதான் படிக்கப் போயிருக்கிறாள் என்று நீ கேட்டிருந்ததற்கு எனக்கே விடை தெளியாமல் இருந்தது.

தொடக்ககால யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றையும், அவை ஒன்றோடொன்று பழகியும் பிணங்கியும் உருவான விதத்தை வைத்து ஆராயும் முதுகலைப் படிப்பு அது. வேதக்கோயிலில் விசாரித்தவர்கள் எல்லாரும், அவள் ஊழியத்துக்கா படிக்கிறாள் என்றே கேட்டார்கள். அது விசுவாசத்துக்குள் நின்று படிக்கும் படிப்பு, இது வரலாற்றுப் படிப்பு, இதில் எந்த மதத்தாரும் மதமே இல்லாதவரும் ஒரே சுவடியைச் சுற்றி உட்காரலாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். முதலாண்டில் பெரும்பகுதி எபிரேயத்துக்கும், கீழைக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்குக்குமே சரியாகப் போகிறது. அரபு அடுத்த ஆண்டு. பழைய ஆய்வுகளில் பல ஜெர்மனில் இருப்பதால் அதையும் படிக்க வேண்டியிருக்கிறதாம். அதற்கு மட்டும் அலுத்துக்கொள்கிறாள்.

அவள் சொன்னவற்றுள் என்னை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தியோக்கியா நகரத்துச் செய்தி. அங்கே 386ஆம் ஆண்டில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர், யூதர்களின் தொழுகைக் கூடத்துக்கும் அவர்களுடைய பண்டிகைகளுக்கும் போகிற கிறிஸ்தவர்களைக் கடுமையாகக் கண்டித்துப் பிரசங்கங்கள் செய்யத் தொடங்கினார். வசை நிறைந்த அந்தப் பிரசங்கங்கள் பிற்காலத்தில் யூத வெறுப்புக்கு எவ்வளவு தீனி போட்டன என்பது தனிக் கதை. ஆனால் வரலாறு படிப்பவர் அவற்றைத் திருப்பிப் போட்டு வாசிக்கிறார்: போகாதே என்று ஒருவர் இவ்வளவு கத்த வேண்டியிருந்தது என்றால், சபையார் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்கப் போகிறவர்களை சபைக் குருவான ஐயர் பீடத்திலிருந்து திட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் நாம் இருவரும் இருந்தோமே.

அடுத்ததை முஸ்லிமான உனக்கு எழுதலாமா என்று சற்று யோசித்தேன். ஆபிரகாம் கைகர் என்ற யூத அறிஞர், நபியவர்கள் யூத மதத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டார் என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்து 1833இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் இந்தத் துறை, யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று கடன் பத்திரம் எழுதுகிற வட்டிக்கடையைப் போலவே நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். எடுத்துக்காட்டாக, ஓர் உயிரைக் கொன்றவன் உலகத்தையே கொன்றவனைப் போன்றவன் என்ற கருத்து, 200ஆம் ஆண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலும் இருக்கிறது, குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து 32ஆம் வசனத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த வசனமே, இஸ்ராயீலின் மக்களுக்கு இதை நாம் விதித்தோம் என்றுதான் தொடங்குகிறது. மறைத்து எடுத்தவர் இப்படியா சொல்வார்? கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றைச் சுட்டி அவர்களோடு உரையாடும் பேச்சு இது. விசுவாசியான உனக்கு இதில் வேறு விளக்கமும் இருக்கும், அதில் நான் தலையிடவில்லை. கணக்கு என்று வந்தால்கூட அது ஒரு பக்கக் கணக்கு அல்ல. எபிரேய இலக்கணத்தை யூதர்கள் முறையாக எழுதத் தொடங்கியபோது, அரபு இலக்கண நூலாரைப் பார்த்தே எழுதினார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் ஓர் அறை இருந்தது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதால் பழந்தாள்களை அங்கே போட்டுவைத்தார்கள். (நம் முன்னோர் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.) சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கே சென்று 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. வேதப் பகுதிகளோடு திருமண ஒப்பந்தம், வியாபாரக் கடிதம், மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் கணக்கு என்று எல்லாமே அவற்றில் உண்டு. பெரும்பாலான கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். எபிரேயத்தில் இல்லாத அரபு ஒலிகளுக்காகச் சில எழுத்துகளின் மேல் புள்ளி வைத்துக்கொண்டார்கள். சிரியாக் கிறிஸ்தவர்களும் பின்னாளில் அரபைத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். அதற்குக் கர்சூனி என்று பெயர். தெருவின் பேச்சை எல்லாரும் பகிர்ந்துகொண்டு, எழுத்தை மட்டும் அவரவர் வீட்டுடையதாகவே வைத்துக்கொண்டார்கள்.

இதைச் சின்னவள் தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்குள், காயல்பட்டினத்து உங்கள் வீட்டு நடையில் உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிதாபை வலமிருந்து இடமாக வாசித்ததும், அரபு எழுத்தாயிற்றே என்று நான் மிரண்டிருக்க, காதில் விழுந்ததெல்லாம் நல்ல தமிழாக இருந்ததும் கண்முன் வந்துவிட்டன. தமிழின் ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தோடு புள்ளி சேர்த்திருப்பதை அன்றைக்கு எனக்கு விரல் வைத்துக் காட்டியவர்கள் உம்மாதான். ஃபுஸ்தாத்து யூதர்கள் செய்ததையே காயல்பட்டினத்தார் தமிழுக்குச் செய்திருக்கிறார்கள். ஒரு பருவக் கட்டுரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று அவள் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறாள். படம் கொண்டுவா, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.

அதே கட்டுரைக்காகத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும் அவளோடு உட்கார்ந்து வாசித்தேன். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் வந்துவிடுகிற கொல்லத்தில், 849ஆம் ஆண்டில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, வேணாட்டு அரசர் அய்யனடிகள் கொடுத்த கொடை அது. செய்தி வட்டெழுத்தில் இருக்க, சாட்சிக் கையெழுத்துகள் கூஃபி என்ற பழைய வடிவ அரபு எழுத்திலும், பழைய பாரசீகமான பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன. வட்டெழுத்துப் படித்து என்ன சாதித்தாய் என்று என்னை நாற்பது ஆண்டுகளாகக் கேலி செய்கிறவன் நீ. இப்போதாவது ஒத்துக்கொள்.

உம்மாவின் கிதாபுகள் உன் ராத்தா வீட்டில்தானே இருக்கின்றன? மார்கழி விடுமுறைக்கு நீ ஊருக்கு வரும்போது, ராத்தாவின் சம்மதத்தோடு, நாலைந்து பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்ப முடியுமா? ஒரு கிதாபின் பின்னட்டை கிழிந்திருந்ததாக நினைவு. அதை ஒட்டப் பார்க்காதே. இருக்கிறபடியே எடுத்தால் போதும்.

உன் அன்பு நண்பன்