அந்தப் படத்தில் சிரிப்பவரிடம் கேட்டீர்களா? சிவில் கட்டுமான விருதுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விருதுக் குழுவினருக்கு,

வணக்கம்.

போன மாதம் நடந்த விருது விழாவில் கடைசி வரிசை மேசையில் நானும் இருந்தேன். ஒரே நிறுவனம் ஒரே இரவில் இரண்டு கோப்பைகளை வாங்கிக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்று பணியிடப் பாதுகாப்புக்கு. இன்னொன்று, ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கு வேலையில் இடம் கொடுத்ததற்கு. இரண்டாவது கோப்பையை அறிவித்தபோது திரையில் ஒரு பூர்வகுடி இளைஞரின் படம் வந்தது. மஞ்சள் சட்டை, வெள்ளை ஹெல்மெட், பின்னால் எக்ஸ்கவேட்டர், முகம் நிறையச் சிரிப்பு. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், பழக்கதோஷம். அந்தத் தம்பி இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. விழா நடந்தபோது அவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

இதை ஆங்கிலத்தில் முறைப்படி உங்களுக்கு எழுதிவிட்டேன். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று கணினி பதில் போட்டது. அதனால் இப்போது தமிழில், ஊரறிய. உங்கள் நடுவர்களில் ஒருவர் தமிழர். விழா முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஊர் எது, எந்தக் காலேஜ் என்று விசாரித்துக்கொண்டோம். அவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்வார் என்று நம்புகிறேன். சிட்னியிலும் மெல்பர்னிலும் சாலை, பாலம், குழாய் வேலைகளில் பொறியாளராகவும் மேலாளராகவும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களும் படிக்கட்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. விருது கொடுப்பதற்கு முன் அந்த ஆட்களோடு பேசுங்கள். வேலையில் இருப்பவர்களோடு மட்டுமல்ல, போய்விட்டவர்களோடும்.

அந்தத் தம்பிக்கு அப்போது 20 வயது. மவுண்ட் ட்ரூயிட் பக்கம் அத்தை வீட்டில் இருந்தார். அது அடங்கிய பிளாக்டவுன் மாநகரப் பகுதியில் பூர்வகுடிக் குடும்பங்கள் ஏராளம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிறுவனங்கள் ஆள் தேடி முதலில் போவதே அங்கேதான். வேலை நடந்த இடம் சிட்னியின் தென்மேற்கில் ஒரு சாலை அகலப்படுத்தும் பணி. காலை 6.15-க்குப் பிரீ-ஸ்டார்ட் கூட்டம், அதாவது வேலை தொடங்குமுன் நடக்கும் கூட்டம். அதற்குள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சைட்டுக்குள் விடுவார்கள். பக்கத்தில் ரயில் இல்லை, அந்த நேரத்தில் சைட் வரைக்கும் வரும் பஸ்ஸும் இல்லை. அவரிடம் லைசென்ஸும் இல்லை.

எடுக்க வேண்டியதுதானே என்றார் ஃபோர்மேன். சரி, எடுப்பதென்றால் எப்படி என்று பார்ப்போம். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் கீழே இருப்பவர் எல் போர்டு மாட்டி 120 மணி நேரம் ஓட்டி, லாக் புக்கில் எழுத வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மகளும் இப்படித்தான் முடித்தாள். எங்கள் பழைய கொரோலாவில் கோயிலுக்கு, பாட்டு வகுப்புக்கு, உல்லன்காங் வரைக்கும்கூட. நானும் மனைவியும் மாற்றி மாற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். கார் எங்களுடையது, பெட்ரோல் எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமையும் எங்களுடையது. அந்தத் தம்பி வீட்டில் கார் கிடையாது. குடும்பத்தில் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் மாமா. அவர் இருப்பது டப்போவில், கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தள்ளி. காசு கட்டிப் படித்தால் 10 மணி நேரப் பாடத்தை 30 மணி நேரமாக எழுதிக்கொள்ள விதி உண்டு. மீதி 90 மணி நேரம் யார் காரில் ஓட்டுவது? இந்த மாதிரி ஆட்களுக்கென்றே மாநில அரசு ஓர் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. நிறுவனத்தில் யாராவது ஒருவர் ஒரு போன் போட்டிருந்தால் போதும். யாரும் போடவில்லை.

அதனால் அவர் விடியுமுன் கிளம்பினார். முதல் ரயில், அப்புறம் ஒரு பஸ், அப்புறம் நாலு கிலோமீட்டர் நடை. நடைபாதை இல்லாத சாலை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் எங்கள் வேலைக்கே மண் ஏற்றிப் போகும் லாரிகள். ஜூன் மாதத்துக் கும்மிருட்டு. வேலிக்குள் அவரைக் காப்பாற்ற 40 பக்கத்தில் ஆவணம் இருந்தது. சன் ஸ்கிரீன் எப்போது பூச வேண்டும் என்பது வரை அதில் உண்டு. வேலிக்கு வெளியே அந்த நாலு கிலோமீட்டருக்கு ஒரு வரி கிடையாது. அந்த ஆவணத்தை எழுதியவன் நான். மூன்று சைட்டுக்குச் சேர்த்து நான்தான் பாதுகாப்பு அலுவலர். அவர் நடந்து வருகிறார் என்பது எனக்கே ஆறாவது வாரத்தில்தான் தெரியும், அதுவும் ஷூவில் சேறு ஏன் இவ்வளவு என்று தற்செயலாகக் கேட்டதால். "நடந்து வரேன் அங்கிள்" என்றார். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று மரியாதையாகக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே. அதற்கப்புறம் என்னால் முடிந்த நாட்களில் அழைத்து வந்தேன். முடியாத நாட்கள்தான் அதிகம்.

இனி அந்தக் குழி. மழைநீர்க் குழாய் பதிக்க 2.2 மீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். ஒன்றரை மீட்டரைத் தாண்டினாலே அது உயர் அபாய வேலை. பக்கவாட்டு மண் சரியாமல் தாங்கும் தடுப்புப் பெட்டி இறக்கியிருக்க வேண்டும், அல்லது சரிவாக வெட்டியிருக்க வேண்டும். இது தொழிலில் அரிச்சுவடி. இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேற்குச் சிட்னியின் களிமண் வெட்டியதும் சுவர் போல நிற்கும், ஈரம் இறங்கினால் எப்போது விழும் என்று சொல்லிவிட்டு விழாது. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கும் மேல். தடுப்புப் பெட்டி பத்து மணிக்கு வரும் என்றார்கள். அதுவரை ஆள் சும்மா நிற்பானா? "ரெண்டே நிமிஷம், இறங்கிக் குழாயைப் பொருத்திவிட்டு ஏறு" என்றார் ஃபோர்மேன்.

அந்தத் தம்பி இறங்க மாட்டேன் என்றார். சத்தம் போடவில்லை, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றார், அவ்வளவுதான். 2011-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு அவருக்குக் கொடுத்த உரிமை அது. கட்டுமான வேலைக்கு வருமுன் எடுக்க வேண்டிய வொயிட் கார்டு பாதுகாப்பு வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். சுவரில் போஸ்டர்கூட ஒட்டியிருக்கிறோம். அந்தப் போஸ்டரை நம்பிய ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான்.

பெட்டி வந்தது, வேலை நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. குழி சரியவும் இல்லை. ஒன்றும் ஆகாததால்தான் எந்தப் பதிவிலும் அது இல்லை. மாலையில் விஷயம் தெரிந்து நான் எழுதிய அறிக்கை மேலே போய், 'வேலை முறை குறித்த விளக்கம்' என்று பெயர் மாறித் திரும்பி வந்தது. நான் இன்னும் அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு எஸ்.எம்.எஸ். வரவில்லை. லேபர் ஹயர் ஆட்களை, அதாவது ஏஜென்சி மூலம் அன்றன்றைக்கு வாடகைக்கு வரும் ஆட்களை, யாரும் வேலையை விட்டு நீக்குவது கிடையாது, உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வா என்று இரவு ஏழு மணிக்கு வரும் செய்தி வராது, அவ்வளவுதான். கேட்டதற்குச் சொன்ன காரணம், 11 வாரத்தில் மூன்று நாள் தாமதம். அந்த மூன்று நாளும் ரயில் தாமதம். அங்கே பாதுகாப்புக்காகத் துணிந்து வாயைத் திறந்த ஒரே ஆள், காலத்தோடு வரவில்லை என்று போனார்.

இதற்குத்தான் இரண்டு கோப்பை கொடுத்தீர்கள். என் கணக்கில் இரண்டுமே அவருடையவை.

எண்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம் என்பீர்கள். பாதுகாப்பு எண் என்பது பத்து லட்சம் வேலை மணி நேரத்துக்கு எத்தனை காயத்தால் ஆள் வேலைக்கு வராமல் போனார் என்பது. அதைப் பூஜ்ஜியமாக்கும் வித்தை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். விரலில் கட்டோடு மறுநாள் ஆளை வரவழைத்து ஆபீசில் உட்கார வைத்துப் பேப்பர் அடுக்கச் சொன்னால் காயம் 'நேர இழப்பு' ஆகாது. இன்னொரு எண், பூர்வகுடிப் பங்கேற்பு. 75 லட்சம் டாலருக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களில் குறைந்தது 1.5 சதவீதம் என்பது 2021-இல் வந்த மாநிலக் கொள்கை. நல்ல கொள்கை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பியின் 11 வாரம் அந்தக் கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மணி நேரம் இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

2023-இல் ஆஸ்திரேலியாவில் வேலையில் இறந்தவர்கள் 200 பேர்; அதில் 45 பேர் கட்டுமானத் துறையினர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரோ ஒருவர் இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்ல நினைத்தவர்கள் அடுத்த வார எஸ்.எம்.எஸ்ஸை நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் 18 கேள்விகள் வைத்திருக்கிறீர்கள். வேலையை நிறுத்தியவர் யார், அவர் இப்போது எங்கே என்ற கேள்வி இல்லை.

விழாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணின் மூத்தோருக்கு வணக்கம் சொல்லித்தான் விழா தொடங்கியது. அதைப் படித்தவர் தாருக் என்ற இந்த மண்ணின் பூர்வகுடியினர் பெயரில் தடுமாறி, பேப்பரைத் தூக்கிப் பார்த்து, மறுபடி தடுமாறினார். அறையில் பூர்வகுடி ஓவியம் அச்சிட்ட ஹை-விஸ் சட்டைகள் (தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் வேலைச் சட்டைகள்) நிறைய. ஒரு டோசருக்குக்கூட அப்படிப் பெயின்ட் அடித்துப் படம் காட்டினார்கள், வாகன பூஜைக்குச் சந்தனம் வைத்த மாதிரி. ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம் வந்தால் காலை டீயும் கேக்கும் உண்டு. 2020-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுப் பழமையான பூர்வகுடிக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்ததும் இப்படிப் பூர்வகுடிகளோடு நல்லிணக்கத் திட்டமெல்லாம் அச்சடித்து வைத்திருந்த ஒரு சுரங்க நிறுவனம்தான். அப்புறம் அந்தப் பொம்மை நிறுவனங்கள்: பேருக்கு ஒரு பூர்வகுடிப் பங்குதாரர், லாபமெல்லாம் வேறு வீட்டுக்கு. பூர்வகுடியினருக்கு எவ்வளவு பங்கு இருக்க வேண்டும் என்ற விதியை அரசு கடுமையாக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. நான் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள், வயிற்றெரிச்சல்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த சைட்டில் திட்டப் பொறியாளர் தமிழர், அளவையாளர் தமிழர், நானும் தமிழன். மூன்று பேரும் காலையில் ஆளுக்கொரு காரில் தனித்தனியாக அந்தச் சாலையில்தான் போனோம். இருட்டில் மஞ்சள் சட்டையோடு ஒருவர் நடந்து போவதைப் பார்த்திருக்கிறோம். யாரோ என்று நினைத்தோம்.

விழா முடிந்த மறுநாள் அவரைக் கூப்பிட்டேன். உன் படம் பெரிய திரையில் வந்தது என்றேன். "எந்தப் படம், அங்கிள்?" என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ செல்போனில் எடுத்தார்களாம். எதற்கு என்று சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே பணிவாகவே மறுபடி கேட்கிறேன். அடுத்த வருட விண்ணப்பத்தில் இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரு கேள்வி சேருங்கள்: சேர்த்த பூர்வகுடிப் பணியாளர்களில் 12 மாதம் கழித்தும் இருப்பவர் எத்தனை பேர், போனவர் ஏன் போனார்? பதிலை நிறுவனத்திடம் மட்டும் வாங்காதீர்கள், அந்த ஆட்களோடு பேசுங்கள். நடுவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு நாலு போன் போட்டால் இருபது பேரோடு பேசிவிடலாம். விழாவில் இனிப்புக்கும் காபிக்கும் நடுவே விட்ட இடைவேளை அதற்குப் போதும். வேலையை நிறுத்திய சம்பவங்களைக் குறையாக மறைக்காமல் எழுதிக் காட்டும் நிறுவனத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். கொடுத்த கோப்பைகளைத் திருப்பி வாங்குங்கள் என்று கேட்கவில்லை. அந்த நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் இன்னமும் வேலை செய்கிறேன்.

உங்கள் விழா மலரின் அட்டையில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது, உங்களுக்குத் தரலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மாலை நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட், பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
சிட்னியில் 14 வருடமாகச் சாலை வேலைகளில் இருக்கும் ஒரு பாதுகாப்பு அலுவலர்