சிவப்பு மை

தாண்டிக்குடி,
மார்கழி 12

அன்புள்ள கயல்,

நலம். காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைப்பதுதான் பாடு. அது இருக்கட்டும், உனக்கு எழுத வேண்டியது வேறு.

உன் ஆறாம் வகுப்பு நோட்டு பரணில் கிடைத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையோரம் தாழப் பறக்குமே பழுப்பு வண்ணத்துப்பூச்சி, அதை இரண்டு விதமாக வரைந்திருக்கிறாய். ஒன்றுக்கு இறக்கையோரம் வரிசையாகக் கண்கள். மற்றதற்குக் கண்ணே இல்லை, அசல் சருகு. கீழே 'ஒரே பூச்சிதான்' என்று எழுதியிருக்கிறாய். அதைச் சிவப்பு மையால் அடித்து 'வேறு வேறு' என்று திருத்தியவன் நான். வாத்தியார் புத்தி. அன்று நீ அழுதபோது சமாதானம்கூடச் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் கண்ணுள்ள ஒன்று கொல்லைப்புறப் புல்லில் முட்டையிட்டதைப் பார்த்தேன். புல்லோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து, கொசுவலையால் மூடினேன். புழு புல்லின் பச்சையேதான். தலையில் இரண்டு கொம்பு இல்லாவிட்டால் கண்ணில் படாது. நெல்லின் இலையையும் தின்னும். உன் தாத்தா இருந்திருந்தால் தொட்டியோடு தூக்கி எறிந்திருப்பார். குளிரில் மெதுவாகத்தான் வளர்ந்தது. முந்தாநாள் நான்கு வெளிவந்தன. ஒன்றிலும் கண் இல்லை. நான்கும் சருகு!

பிறகுதான் படித்துப் பார்த்தேன். புழுவாக இருக்கையில் படும் சூடும் குளிரும் சட்டையை மாற்றிவிடுகின்றனவாம். மழைக்காலத்துப் பூச்சியைப் பறவை கொத்தினால் ஓரத்துக் கண்ணில் கொத்தும், உடம்பு தப்பும். வறண்ட காலத்தில் சருகோடு சருகாக அசையாமல் கிடப்பதே அதற்குப் பிழைப்பு.

நோட்டில் என் திருத்தத்தை அடித்துவிட்டேன், பத்துக்குப் பத்து.

1758இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சி இது. ஆப்பிரிக்காவிலிருந்து உன் பிரிஸ்பேன் வரை இருக்கிறது. அங்கே இப்போது கோடையும் மழையும் என்பதால் உனக்குக் கண்ணுள்ளதே அகப்பட வேண்டும். பூவைத் தேடி அலையாதே, அதற்கு அழுகின பழம்தான் பிடிக்கும். பொழுது சாயும்போது பால்கனியில் ஒரு கனிந்த மாம்பழத்தை வை. வந்தால் படம் அனுப்பு.

இங்கே அழுகின ஆரஞ்சை வாசலில் வைத்ததற்கு உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அன்புடன்,
அப்பா