'முதல் சுற்றிலேயே வெளியேறினார்' என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் படித்து முடித்த திருகோணமலை இளைஞர் ஒருவர், துனீசியாவின் மொனாஸ்டிர் நகரில் நடந்த தொழில்முறை டென்னிஸ் போட்டியில் 'முதல் சுற்றிலேயே வெளியேறினார்' என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு வரிச் செய்தி வந்திருந்தது. அவன் என் தங்கையின் மகன். செய்தியில் பிழை இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இழவு விசாரிப்பது போலப் பேசிவிட்டுப் போனார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் ஆடியது எம்15 போட்டி. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் ஆண்கள் போட்டித் தொடரில் அதுதான் முதற்படி. மொத்தப் பரிசே 15,000 டொலர். பிரதான சுற்றில் 32 பேர். தரவரிசை இல்லாதவன் அதற்குள் நுழையப் பெரும்பாலும் முதலில் தகுதிகாண் ஆட்டங்களை வெல்ல வேண்டும். அவன் வென்றுதான் நுழைந்தான்; அந்த வெற்றிகள் செய்தியில் இல்லை. முதல் சுற்றில் தோற்றவருக்குச் சுமார் 150 டொலர், அதிலும் வரி கழியும். வென்றிருந்தால் ஏடிபி எனப்படும் தொழில்முறை ஆண்கள் உலகத் தரவரிசையில் புள்ளி ஒன்று கிடைத்திருக்கும். அந்த ஒரு புள்ளிக்காகத்தான் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை அங்கே போய் நிற்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் அவன் அணியோடு ஆடியவன். ஒற்றையர் ஆட்டங்கள் ஆறும் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில் நடக்கும். ஒருவன் தளர்ந்தால் அடுத்த கோர்ட்டிலிருந்து குரல் வரும், பயிற்றுநரும் அருகில் இருப்பார். பந்து, ராக்கெட்டின் நரம்பான ஸ்ட்ரிங், பயணம் எதற்கும் இவன் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது அறை வாடகையிலிருந்து ஸ்ட்ரிங் போடும் கூலி வரை அவன் பொறுப்பு. என் தங்கை சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அதற்குள் போகிறது.

ஆட்டமுமே மாறுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 40-40, அதாவது டியூஸ், வந்தால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். தொழில்முறை ஒற்றையரில் இரண்டு புள்ளி முன்னால் போகும்வரை அது நீளும். "மாமா, டியூஸ் வந்தால் இன்னும் ஒரே பொயின்ட்தான் எண்டு கை அவசரப்படுது" என்றான் தொலைபேசியில். இதைப் பழகி மாற்ற அவனுக்குக் காலம் வேண்டும்.

கல்லூரியில் ஆடிவிட்டு மேலே போனவர்கள் இருக்கிறார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய பென் ஷெல்டன் 2022இல் கல்லூரிச் சம்பியன், 2023 ஜனவரியில் அவுஸ்திரேலிய ஓபன் காலிறுதியில். அது அபூர்வம். இலினோய் பல்கலைக்கழகத்தில் ஆடிய தென்னாபிரிக்கர் கெவின் அண்டர்சனுக்கு 2017 அமெரிக்க ஓபன் இறுதியாட்டத்தின்போது 31 வயது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்திலும் ஆடினார். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். 2009 சென்னை ஓபனில் ஏற்பாட்டாளர்கள் தரும் சிறப்பு அனுமதியான வைல்ட் கார்டில் நுழைந்து இறுதியாட்டம் வரை போனார். 'பதினெட்டு வயதில் தொழில்முறைக்குப் போகாதவன் இனி எங்கே போவான்' என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இவர்களைத்தான் காட்டுகிறேன். எங்கள் பிள்ளை அவர்களைப் போல வருவான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவன் கையில் படித்துப் பெற்ற பட்டம் இருக்கிறது. விளையாட்டால் படிப்பு கெடும் என்று பயப்படும் பெற்றோர் இதையும் பார்க்க வேண்டும்.

ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த ஊர் இது. யாரோடு ஆடினார்கள், எந்தச் சுற்று என்று கேட்காமல் இங்கே ஒருவரும் ஸ்கோரை மட்டும் கேட்பதில்லை. டென்னிஸ் செய்தியிலும் அவ்வளவைத் தாருங்கள்: போட்டியின் தரம், தகுதிகாண் முடிவு, எதிராளியின் தரவரிசை. இரண்டு வரி நான்காகும், அவ்வளவுதான்.

அவன் மொனாஸ்டிரிலேயே இன்னொரு எம்15 போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். மறுபடியும் தகுதிகாண் ஆட்டத்திலிருந்துதான் தொடக்கம். முடிவு எதுவானாலும், தோல்வியானாலும், ஸ்கோரோடு போடுங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.